ஒரிஜினலா... ரீமேக்கா? காணையில் ஒரு மினி பஞ்சாயத்து!

உங்க க்ளாஸ்லயும் நிச்சயம் ஒருத்தர் இருப்பார். "படம் சூப்பர்டா!"னு நீங்க வாயைத் திறக்கும்போதே, "அட, அது ரீமேக்குப்பா... ஒரிஜினல் பார்த்திருக்கியா நீ?"னு கேட்டு, உங்க சந்தோஷத்துல ஒரு பக்கெட் தண்ணியை ஊத்துவார். நீங்களும் பேந்தப் பேந்த முழிச்சுட்டு, மிச்சமிருக்கிற கேன்டீன் டீயை ஒரே மடக்குல குடிச்சுட்டுக் கிளம்பிடுவீங்க. கரெக்ட்தானே?

எனக்கு அது நடந்தது 2004-ல். காணையில பஸ் ஏறி, விழுப்புரம் போய் 'கில்லி' பார்த்துட்டு, மறுநாள் காலேஜ்ல ஃப்ரேம் ஃப்ரேமா கதை சொல்லிக்கிட்டு இருந்தேன். பக்கத்துல இருந்த சீனியர் அண்ணன் ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே, "தம்பி, 'ஒக்கடு' பார்த்தியா?"னு கேட்டார். அப்படி ஒரு படம் இருக்குன்னே எனக்குத் தெரியாது. அன்னிக்கு மூடின வாய்தான். அப்புறம் யார் எந்தப் படத்தைப் பத்திக் கேட்டாலும் "ம்... பரவால்ல"னு ஒரே பதில்தான். நமக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குமோனு ஒரு பயம். கிராமத்துலேர்ந்து காலேஜுக்கு வந்தவங்களுக்கு இந்தப் பயம் நல்லாவே புரியும்.

20 வருஷம் கழிச்சு, 2024 ஏப்ரல்ல 'கில்லி' மறுபடி ரிலீஸ் ஆச்சு. காலேஜ்ல ரெண்டாவது வருஷம் படிக்கிற அக்கா பையனைக் கூட்டிக்கிட்டுப் போனேன். தியேட்டரே ஆடுச்சு. திரும்பி வரும்போது பையன் டல்லா இருந்தான். என்னடானு கேட்டா, "என் ஃப்ரெண்டுகிட்ட படம் செமன்னு மெசேஜ் போட்டேன் மாமா. 'அது ரீமேக்குடா'ன்னு சொல்லிட்டான்"ங்கிறான். அதே பக்கெட்... அதே தண்ணி!

"அதுக்கு நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல மாமா."

அங்கதான் சுருக்குனு குத்துச்சு. நான் மூடின வாயை இவனும் மூடக் கூடாது. லீவு நாள்ல ஒரு ஒரிஜினல், ஒரு ரீமேக்னு ஜோடி ஜோடியா பார்க்கிறதுனு முடிவு பண்ணினோம். அந்தக் காலத்துல மாதிரி பக்கத்து மாநிலப் படத்துக்குத் தவம் கிடக்க வேண்டியதில்லையே... சப்டைட்டிலோட போன்லயே வந்துடுது. ரூல் ஒண்ணே ஒண்ணு. படம் முடிஞ்சதும் நோட்டுல நாலு வரி எழுதணும். அடுத்தவங்க சொன்னதை எழுதக் கூடாது. இனி வர்றதெல்லாம் அந்த நோட்டுலேர்ந்து!

ஜோடி 1: 'ஒக்கடு' (2003) - 'கில்லி' (2004)

குணசேகர் இயக்கத்துல மகேஷ்பாபு, பூமிகா அங்க. தரணி இயக்கத்துல விஜய், த்ரிஷா இங்க. கபடி ரெண்டுலயும் உண்டு. வில்லனும் ரெண்டுலயும் பிரகாஷ்ராஜ்தான்! ஆனா, அங்க கர்னூல், இங்க மதுரை. அங்க சார்மினார், இங்க மெரினா லைட்ஹவுஸ். ஓபுல் ரெட்டி முரட்டுத்தனமா மிரட்டறார். முத்துப்பாண்டி மிரட்டிக்கிட்டே சிரிக்கவும் வைக்கிறார். அந்த சிரிப்பு நம்ம ஊர்ல சேர்த்த மசாலா.

பையன் தீர்ப்பு: "கதை தெலுங்கு, முத்துப்பாண்டி தமிழ். ரெண்டும் பாஸ்!"

ஜோடி 2: 'அம்மா நான்னா ஓ தமிழ அம்மாயி' (2003) - 'எம்.குமரன் சன் ஆஃப் மகாலட்சுமி' (2004)

இது செம காமெடி. பூரி ஜெகந்நாத்தோட தெலுங்குப் படத் தலைப்புக்கு அர்த்தம், 'அம்மா, அப்பா, ஒரு தமிழ்ப் பொண்ணு'. அந்தத் தமிழ்ப் பொண்ணா நடிச்சது அசின். சரி, கதை தமிழுக்கு வந்தா அந்தப் பொண்ணை என்ன பண்றது? இங்க எல்லாருமே தமிழ்தானே... அதனால மலையாளப் பொண்ணா மாத்திட்டாங்க. நடிச்சது அதே அசின்! நிஜத்துல கேரளத்துக்காரங்க தெலுங்குல தமிழ்ப் பொண்ணு, தமிழ்ல மலையாளப் பொண்ணு. ஹைதராபாத்லேர்ந்து பார்த்தா நாம 'பக்கத்து வீடு'. நம்ம வீட்டுலேர்ந்து பார்த்தா கேரளா 'பக்கத்து வீடு'.

அம்மா சென்டிமென்ட்ல என் ஓட்டு நதியாவுக்கு. பையன் ஓட்டு தெலுங்கு ஜெயசுதாவுக்கு. சண்டை இன்னும் முடியல.

ஜோடி 3: 'மணிச்சித்ரதாழ்' (1993) - 'சந்திரமுகி' (2005)

இதைப் பார்க்கும்போதுதான் எங்களுக்கு பல்பு எரிஞ்சுது. ஃபாசில் எடுத்த மலையாளப் படத்துல, ஷோபனா நாகவல்லியா மாறும்போது எந்த மொழி பேசறாங்க தெரியுமா? தமிழ்! நாகவல்லி தஞ்சாவூர்லேர்ந்து வந்த நாட்டியக்காரி. கேரளத் தறவாட்டுல ராத்திரி நேரத்துல திடீர்னு தமிழ் கேட்டா, அங்க இருக்கிறவங்களுக்கு முதுகுத்தண்டு சில்லிடும். அதே தமிழை நம்ம படத்துல பேசினா யார் பயப்படுவாங்க? பி.வாசு அந்தக் கதையை முதல்ல கன்னடத்துல 'ஆப்தமித்ரா'வா (2004) எடுத்தார். அப்புறம் தமிழுக்குக் கொண்டுவந்தப்போ, ஜோதிகா பேசினது தெலுங்கு. ப்ரியதர்ஷன் இந்தியில எடுத்த 'பூல் புலையா'வுல (2007) வித்யாபாலன் பேசினது வங்காளி.

கவனிச்சீங்களா? கதை எந்த ஊருக்குப் போனாலும், ஆவி மட்டும் பக்கத்து ஊர் பாஷைதான் பேசுது. 'அசின் ஃபார்முலா'வேதான். அங்க காதல், இங்க பயம்!

என் தீர்ப்பு: நடிப்புல ஷோபனா. அந்த வருஷத்து தேசிய விருதே அவங்களுக்குத்தான். ஆனா தியேட்டர்ல கை தட்டி, விசிலடிச்சுப் பார்க்க 'சந்திரமுகி'. ஒண்ணு மனசுல நிக்கும், ஒண்ணு திருவிழா மாதிரி இருக்கும். ரெண்டும் வேணும்.

ஜோடி 4: 'த்ரிஷ்யம்' (2013) - 'பாபநாசம்' (2015)

ரெண்டையும் எடுத்தது ஜீத்து ஜோசப். ஐ.ஜி. அம்மாவா வர்றதும் ரெண்டுலயும் ஆஷா சரத்தான். அப்போ என்ன வித்தியாசம்? மோகன்லாலோட ஜார்ஜ்குட்டி ரொம்ப அமைதி. பக்கத்து வீட்டு அங்கிள் மாதிரி. கமலோட சுயம்புலிங்கம் நெல்லைத் தமிழ் பேசி, கடைசியில உடைஞ்சு போறார். வசனம் எழுதினது ஜெயமோகன். இடுக்கி மலையை அப்படியே தாமிரபரணிக் கரைக்குத் தூக்கிட்டு வந்து வெச்சிருக்காங்க.

இந்தக் கதை கன்னடம், தெலுங்கு, இந்தியைத் தாண்டி, 2017-ல் சிங்களத்துக்கும் 2019-ல் சீன மொழிக்கும் போயிருக்கு. சீனப் படத்துல கதை நடக்கிறது தாய்லாந்துல. அங்க முடிவே வேற. என்னனு சொல்ல மாட்டேன், நீங்களே பாருங்க.

எங்களுக்கு இந்தப் படம் ஸ்பெஷல் ஆனதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. ஹீரோ கேபிள் டி.வி. நடத்தறவர். பெரிய படிப்பு கிடையாது. ஆனா, பார்த்த ஒவ்வொரு படத்துலேர்ந்தும் ஏதாவது கத்துக்கிட்டவர். 'சும்மா படம் பார்த்துக்கிட்டு இருக்கான்'னு வீட்டுல திட்டு வாங்கறவங்க எல்லாரும் காலரைத் தூக்கி விட்டுக்கலாம். (செமஸ்டர் நேரத்துல இதை அப்பாகிட்ட சொல்லிப் பார்க்காதீங்க. நான் பொறுப்பில்லை!)

நம்ம வீட்டுலேர்ந்து போனது

நாம வாங்கிக்கிட்டே இருக்கோம்னு நினைக்காதீங்க, கொடுத்ததும் நிறைய. 'விக்ரம் வேதா' (2017) வடசென்னையிலேர்ந்து கிளம்பி, 2022-ல் லக்னோவுல இறங்குச்சு. எடுத்தது அதே புஷ்கர் - காயத்ரி. ஹிருத்திக் ஸ்டைல்தான், ஒத்துக்கறோம். ஆனா கையில வடையோட போலீஸ்கிட்ட சரணடைய வந்த விஜய் சேதுபதி மனசை விட்டுப் போக மாட்டேங்கிறார். 'லவ் டுடே' (2022), இந்தியில 'லவ்யாபா'வா 2025-ல் வந்துச்சு. போனை மாத்திக்கிற கதை எந்த ஊர் காதலர்களுக்கும் வயித்தைக் கலக்கும்ல!

'96' (2018) தெலுங்குல 'ஜானு' (2020). ரெண்டையும் எடுத்தவர் பிரேம்குமார்தான். ஷர்வானந்தும் சமந்தாவும் ஒரு குறையும் வைக்கல. ஆனா எனக்கு ஒட்டல. தஞ்சாவூர் ஸ்கூல், இளையராஜா பாட்டு... இதெல்லாம் என் சொந்த ஞாபகத்தோட பின்னிக் கிடக்கு. ஒரு தெலுங்குப் பையன் "எனக்கு 'ஜானு'தான் பிடிச்சுது"னு சொன்னா, அவன்கூட நான் சண்டைக்குப் போக மாட்டேன். அவன் ஊர்ல நின்னு அவன் பார்க்கிறான். அவ்வளவுதான்.

இதுக்கெல்லாம் முன்னாடியே நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் இந்த ஆட்டத்துல கொடி நாட்டிட்டார். 1928-ல் விழுப்புரத்துல பொறந்த சிவாஜி கணேசன்! அவர் ஒன்பது வேஷம் கட்டின 'நவராத்திரி' (1964) தெலுங்குல நாகேஸ்வரராவுக்கும், இந்தியில சஞ்சீவ்குமாருக்கும் போச்சு. பதிலுக்கு நாகேஸ்வரராவோட 'பிரேம நகர்' (1971) இங்க வந்து 'வசந்த மாளிகை' (1972) ஆச்சு. எங்க அம்மாகிட்ட போய் "அது ரீமேக்கும்மா"னு சொல்லிப் பார்த்தேன். "இருந்துட்டுப் போவட்டும், அந்தாளு மாதிரி எவன் குடிச்சு அழுதான்?"னு கேட்டுட்டு அடுப்பைப் பார்க்கப் போயிட்டாங்க. 20 வருஷமா நான் தேடின பதிலை அம்மா அஞ்சு செகண்ட்ல சொல்லிட்டாங்க!

ரீமேக் தேவையே இல்லாத இடம்

எல்லா ரீமேக்குக்கும் நான் வக்கீல் இல்லை. இந்தி 'அந்தாதுன்' 2018-ல் வந்துச்சு. தெலுங்கு, மலையாளத்துல 2021-லயே எடுத்துட்டாங்க. பிரசாந்த் நடிச்ச 'அந்தகன்' வந்தது 2024-ல். சிம்ரன் மிரட்டியிருந்தாங்க. ஆனா, அடுத்தது என்னனு தியேட்டர்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருந்தா ட்விஸ்ட்டுக்கு என்ன மரியாதை? அந்தக் கதைக்கு விதை ஒரு பிரெஞ்சுக் குறும்படம்ங்கிறது தனி மேட்டர். 'ஒரிஜினல்தான் கெத்து'ங்கிறவங்க அதையும் தேடிப் பார்க்கட்டும்!

'பெங்களூர் டேஸ்' (2014) தமிழ்ல 'பெங்களூர் நாட்கள்' (2016) ஆச்சு. எல்லாம் இருந்துச்சு, ஆனா அந்தக் கசின்ஸ் நம்ம வீட்டுப் பிள்ளைங்களா மாறவே இல்லை. மொழி மாறிச்சு, வீடு மாறலை. 'பிரேமம்' (2015) பக்கம் தமிழ்ல யாரும் போகலை. மலர் டீச்சர் ஏற்கெனவே தமிழ்தானே! சென்னையில அது மலையாளத்துலயே 200 நாளைத் தாண்டி ஓடுச்சு. 'மஞ்சும்மல் பாய்ஸ்' (2024) நம்ம கொடைக்கானல் குணா குகைக்கே வந்துடுச்சு. பாதி வசனம் நம்ம பாஷை. அப்புறம் எதுக்கு ரீமேக்?

ஆக, இனிமே ரீமேக் எடுக்கிறது ரிஸ்க்தான். ஒரிஜினல் எல்லார் பாக்கெட்லயும் இருக்கு. வெறும் டயலாக்கை மட்டும் மாத்தினா டப்பிங்கே போதும்னு சொல்லிடுவாங்க. ஊரை மாத்தணும்.

காணை டெஸ்ட்!

நோட்டு முடியற நேரத்துல பையன் ஒரு கேள்வி கேட்டான். "மாமா, 'த்ரிஷ்யம்' கதை நம்ம காணையில நடந்தா?"

ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பேசினோம். ஹீரோ ரெண்டு நாள் ஊர்லயே இல்லைனு நிரூபிக்கணும். எங்க போயிருப்பான்? திருவண்ணாமலை! பௌர்ணமி கிரிவலம். பஸ் டிக்கெட், ஹோட்டல் பில், கூட்டத்துல 'பார்த்தேனே'னு சொல்ல நாலு பேரு. ராத்திரி அந்த மஞ்சள் காரைத் தள்ளிட்டுப் போகும்போது, எதிர்ல முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு ஏத்திட்டுப் போற டிராக்டர் வரும். டிரைவர் பார்த்துட்டானா, இல்லையா? இன்டர்வெல்! 'சந்திரமுகி'க்குப் பூட்டின அறையா? செஞ்சிக் கோட்டை இருக்கு.

அப்போ பையன் சொன்னான், "இப்ப புரியுது மாமா. ரீமேக்னா நம்ம ஊருக்குக் குடி வர்றது. வந்தவங்க நம்ம தெருவுல ஒட்டிக்கிட்டாங்களானு சொல்ல நமக்குத்தானே தெரியும்?"

அதான் ஃப்ரெண்ட்ஸ் மேட்டர். ஒரிஜினல் பார்க்காதது தப்பில்லை. கிடைச்சா பாருங்க, ருசியா இருக்கும். ஆனா, பார்த்தவன் ஒருத்தன் கேள்வி கேட்டான்னு, உங்களுக்குப் பிடிச்சதைச் சொல்ல வெட்கப்படாதீங்க. "அது ரீமேக்"ங்கிறது ஒரு தகவல். படம் எப்படி இருக்குங்கிறதுக்கு அது பதில் இல்லை. அடுத்த தடவை யாராவது பக்கெட்டைத் தூக்கிட்டு வந்தா, சிரிச்சுக்கிட்டே கேளுங்க: "சரிப்பா, ரீமேக்தான். இங்க வந்ததுல என்ன மாறிச்சு, சொல்லு?"

ஜோடிப் படமா பார்த்தவர்னா உட்கார்ந்து பேசுவார். உங்களுக்கு ஒரு நல்ல சிநேகிதம் கிடைக்கும். பார்க்காதவர்னா, மிச்சமிருக்கிற டீயை அவர் ஒரே மடக்குல குடிச்சுட்டுக் கிளம்பிடுவார்!

அக்கா பையன் அந்த ஃப்ரெண்டுகிட்ட கேட்டுட்டான். இப்போ ரெண்டு பேரும் சேர்ந்து அடுத்த ஜோடிக்கு லிஸ்ட் போட்டுக்கிட்டு இருக்காங்க. நோட்டு கைமாறிடுச்சு.