மழை விட்ட இரவில் மரத்தவளை தேடுவோம்

மலைநாட்டு நோர்வூட் பக்கம் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. அது கொஞ்சம் ஓய்ந்த இரவில் லயத்துக்குப் பின்னால் உள்ள மரக்கறித் தோட்டத்தில் நின்று காது கொடுத்துப் பாருங்கள். ‘டிக்... டிக்...’ என்று விட்டு விட்டு ஒரு சத்தம் வரும். ஏதோ பூச்சி என்று நினைத்து நாம் கதவைச் சாத்திவிடுகிறோம். பெரும்பாலும் அது பூச்சியாக இருக்காது. பெண்ணைக் கூப்பிடும் ஓர் ஆண் மரத்தவளை. உடம்பு இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். ஆனால் தொண்டைப் பையை ஊதிக்கொண்டு அது போடும் குரல் பக்கத்து வாசல் வரை கேட்கும்.

மரத்தவளைகளில் ஒரு வகையான இலங்கையின் புதர்த்தவளைகள் பெரும்பாலும் ‘சூடோபிலாடஸ்’ என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. எழுபதுக்கும் மேற்பட்ட இனங்கள் இதில் உண்டு. இவற்றின் இனப்பெருக்கம் பள்ளிக்கூடப் பாடத்தில் நாம் படித்ததற்கு நேர்மாறானது. குளம் இல்லை, வாற்பேத்தை இல்லை. பெண் தவளை பின்கால்களால் ஈரமண்ணைப் பறித்து முட்டையிட்டு, முட்டைகளோடு மண்ணைப் பிசைந்து மூடிவிட்டுப் போகிறது. மண் ஒட்டிய முட்டை மண் உருண்டை மாதிரியே கிடக்கும். உள்ளே நிறைய மஞ்சள் கரு இருப்பதால், வாற்பேத்தையாக வெளியே வந்து தீனி தேடும் பருவமே தேவைப்படுவதில்லை. சில வாரங்களில் கால் முளைத்த முழுத் தவளைக்குஞ்சு முட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது. இலையின் அடிப்புறத்தில் முட்டையை ஒட்டி வைக்கும் இனமும் மலைநாட்டில் உண்டு. எப்படியானாலும் முட்டையைக் காப்பது ஈரம்தான். அதனால்தான் காட்டை வெட்டி வெயில் விழவிட்ட இடத்தில் இந்தத் தவளைகள் பிழைப்பது கடினம்.

தண்ணீரை நம்பும் மரத்தவளைகளும் இங்கே இருக்கின்றன. தண்ணீர்த் தொட்டிச் சுவரிலோ தண்ணீருக்கு மேலே தொங்கும் இலையிலோ சவர்க்கார நுரை போல ஒரு வெள்ளைக் கட்டி ஒட்டியிருந்தால் அதைக் கழுவிவிடாதீர்கள். பெண் தவளை தன் உடலிலிருந்து சுரக்கும் திரவத்தைப் பின்கால்களால் அடித்து அடித்துக் கட்டிய கூடு அது. வெளிப்புறம் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். சில நாட்களில் நுரை இளகி, வாற்பேத்தைகள் கீழே தண்ணீரில் விழும். முதுகில் உடுக்கை வடிவில் கோடு போட்ட ‘பொலிபெடாடஸ் குரூசிகர்’ இப்படிக் கூடு கட்டும். மலைநாட்டுக்கே உரிய ‘தாருகா ஈக்வஸ்’ தவளையும் அப்படித்தான். அதன் குதிகாலில் முள் போன்ற சிறு நீட்சி இருக்கும். நீங்கள் எடுக்கும் படத்தில் அது விழுந்தால் அடையாளம் காண்பது சுலபம்.

நோர்வூட்டில் பாதை பிரிந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போகிறது. அதன் முடிவில் சிவனொளிபாத மலைக் காடு. 2010இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. இலங்கையிலேயே பிறந்த இராணுவ மருத்துவர் கெலார்ட், உடலெங்கும் நட்சத்திரப் புள்ளிகள் கொண்ட ஒரு தவளையை நுவரெலியாவிலிருந்து 1853இல் விவரித்தார். அதற்குப் பிறகு யாரும் அதைப் பார்க்கவில்லை. கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் காடு போனது. அந்தத் தவளையும் போய்விட்டது என்று அழிந்த உயிரினங்களின் பட்டியலில் எழுதினார்கள். ஆனால் ஆராய்ச்சியாளர் மெண்டிஸ் விக்கிரமசிங்கவும் அவரது குழுவினரும் அதைச் சிவனொளிபாத மலைக் காட்டில் 2009இல் உயிரோடு கண்டார்கள். அதே காட்டிலிருந்து எட்டுப் புதிய புதர்த்தவளை இனங்களை 2013இல் அவர்கள் அறிவித்தார்கள். உலகில் அழிந்துபோனதாகக் கணக்கிடப்பட்ட தவளை இனங்களில் ஏறக்குறைய பாதி இந்தச் சின்னத் தீவினுடையவை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு தவளை திரும்பக் கிடைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது விளங்கும்.

படம் பிடிக்க விலையுயர்ந்த கெமரா வேண்டியதில்லை. போனும் ஒரு டோர்ச்சும் போதும். முதலில் டோர்ச்சை அணைத்துவிட்டு சத்தத்தின் திசையைப் பிடியுங்கள். வெளிச்சம் பட்டதும் தவளை வாயை மூடிக்கொள்ளும். அசையாமல் நின்றால் மறுபடி தொடங்கும். ஃபிளாஷ் அடித்தால் ஈரத்தோல் வெள்ளையாகப் பளபளத்துப் படம் கெட்டுவிடும், தவளைக்கும் தொந்தரவு. டோர்ச்சின் முகத்தில் ஒரு மெல்லிய வெள்ளைத் தாளைக் கட்டி, பக்கவாட்டிலிருந்து ஒளி விழச் செய்யுங்கள். மேலே நின்று எடுக்காமல், குனிந்து அதன் கண்மட்டத்துக்கு வாருங்கள். கண்ணுக்குப் பின்னால் வட்டமாகத் தெரியும் செவிப்பறை, விரல் நுனித் தட்டுகள், விரலிடைச் சவ்வு, தொடையின் பக்கம் ஆகியவைதான் இனத்தைச் சொல்லும். நிறத்தை நம்ப வேண்டாம். ஒரே தவளை பகலில் ஒரு நிறம், இரவில் ஒரு நிறம். படத்தோடு அதன் குரலையும் பதிவு செய்துவிடுங்கள். உருவத்தில் ஒன்றுபோல் இருக்கும் இனங்களைக் குரல்தான் பல சமயம் பிரித்துக் காட்டுகிறது. அவுஸ்திரேலிய அருங்காட்சியகம் 2017இல் தொடங்கிய ‘ஃபுரொக்ஐடி’ திட்டம், சாதாரண மக்கள் போனில் பதிந்து அனுப்பும் குரல்களைக் கொண்டே நடக்கிறது.

தவளையைக் கையில் எடுக்கக் கூடாது. அது தோலால் மூச்சு விடுகிறது, தோலாலேயே தண்ணீரையும் உறிஞ்சுகிறது; நம் கையிலுள்ள நுளம்பு மருந்தும் உப்பும் அதற்குள் போகும். படத்துக்காக இலையை ஒடித்து வைப்பதும் தவளையை இடம் மாற்றுவதும் வேண்டவே வேண்டாம். ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகுமுன் சப்பாத்திலுள்ள சேற்றைக் கழுவுங்கள்; உலகெங்கும் தவளைகளைக் கொன்ற ‘கைட்ரிட்’ பூஞ்சை நீரிலும் ஈரச் சேற்றிலும் பரவக்கூடியது. பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் அனுமதியில்லாமல் இரவில் நுழையாதீர்கள். அதற்குத் தேவையும் இல்லை. கான் ஓரம், பீலிக்கரை, காட்டை ஒட்டிய கடைசித் தேயிலை மலை என்று பார்க்க இடம் நிறைய இருக்கிறது.

ஆராய்ச்சியாளர் வருடத்தில் சில இரவுகள் வந்து போவார். மழை பெய்யும் ஒவ்வொரு இரவும் இங்கே இருப்பவர்கள் நாம்தான். தேதி, நேரம், தோட்டத்தின் பெயர், எந்தச் செடியில் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதையும் குறித்து ‘ஐநேச்சுரலிஸ்ட்’ தளத்தில் படத்தைப் போடுங்கள். அரிதான தவளை என்று தோன்றினால் சரியான இடத்தை மறைத்துவிடுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, தெரிந்தவர்கள் சொல்வார்கள்.