பாட்டு முடிஞ்சுது, மீனுக்குக் கண்ணைக் காணோம்!



சென்ற ஆண்டு விழாவில் நம் ஊர்க் கண்மாயைப் பற்றி எங்கள் வகுப்பு நடத்திய நிகழ்ச்சியைப் பார்த்திருப்பீர்கள். பாட்டு, நடனம், ஓவியம் மூன்றும் ஒரே மேடையில் வந்தன. நன்றாகக் கை தட்டினீர்கள். ஆனால் அதற்கு முன் நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. வேறு வேறு கலைகளைச் சேர்த்து ஒரே படைப்பாக ஆக்குவது எப்படி என்று நாங்கள் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

பாட்டு எழுதியது நான். ஒரு பல்லவி, மூன்று சரணம், மொத்தம் 4 நிமிடம். என் தோழி நடனம் அமைத்தாள். மேடையின் பின்னால் கட்டிய வெள்ளைத் துணியில், நாங்கள் பாடி ஆடும்போதே எங்கள் வகுப்பு ஓவியன் கண்மாயை வரைய வேண்டும். மூவரும் அவரவர் வீட்டில் தயார் செய்துகொண்டு வந்தோம். முதல் ஒத்திகையில் பாட்டு முடிந்து நாங்கள் கும்பிடும்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "ஏய், நிறுத்துங்கப்பா! நான் இன்னும் மீனுக்குக் கண்ணே வைக்கலை!"

எல்லோரும் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. "சீக்கிரமா வரைடா" என்றேன். "உன் பாட்டுக்கு நான் என்ன வேலைக்காரனா?" என்று தூரிகையைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டான். இரண்டு நாள் என்னிடம் பேசவே இல்லை.

விஷயம் தமிழம்மா காதுக்குப் போனது. "சண்டை உங்களுக்குள்ள இல்லை. பாட்டுக்கு ஆகுற நேரம் வேற, படத்துக்கு ஆகுற நேரம் வேற. பெரியவங்க இதை எப்படிச் சமாளிச்சாங்கன்னு முதல்ல தெரிஞ்சுக்குங்க" என்றார்கள். அவர்களிடமும் நடன ஆசிரியையிடமும் கேட்டும், புத்தகங்களில் படித்தும் மூன்று வழிகளைத் தெரிந்துகொண்டோம்.

1. ஒன்றுக்குள் ஒன்று அடங்குவது: சினிமாப் பாட்டில் பெரும்பாலும் மெட்டு முதலில் வரும். 'தன்னனன தானானா' என்ற சந்தத்துக்குள் குறில் நெடில் பார்த்துக் கவிஞர் சொற்களை வைப்பார். சில நேரம் பாட்டு முதலில் எழுதப்பட்டு மெட்டு பின்னால் வரும். எதுவானாலும் முதலில் வந்தது சட்டம் போடும், அடுத்து வருவது அதற்குள் அடங்கும். வேலை ஒழுங்காக நடக்கும். ஆனால் பின்னால் வருபவருக்கு இடம் குறைவு. எங்களுக்கே தெரியாமல் நாங்கள் இதைத்தான் செய்திருந்தோம். சட்டம் போட்டது என் பாட்டு. மாட்டிக்கொண்டது ஓவியன்!

2. ஒன்றுக்காக ஒன்று காத்திருப்பது: 19-ஆம் நூற்றாண்டில் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வர், அலாரிப்பு முதல் தில்லானா வரை பரதநாட்டியக் கச்சேரியை ஒழுங்குபடுத்தினார்கள். அதில் வர்ணம் என்ற உருப்படியைக் கவனியுங்கள். பாடுபவர் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடுவார். ஆடுபவர் ஒவ்வொரு முறையும் வேறு வேறு அபிநயம் பிடிப்பார். அங்கே பாட்டு ஆட்டத்துக்காகக் காத்திருக்கிறது. ஜதி வந்துவிட்டால் ஆட்டம் தாளத்துக்குக் கட்டுப்படும். மாறி மாறி விட்டுக்கொடுக்கிறார்கள்.

3. நேரத்தை மட்டும் பேசிக்கொள்வது: அமெரிக்காவில் ஜான் கேஜ் என்ற இசையமைப்பாளரும் மெர்ஸ் கன்னிங்ஹாம் என்ற நடனக் கலைஞரும் 1940-களில் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கினார்கள். கேஜ் 1992-இல் இறக்கும்வரை அந்தக் கூட்டு நீடித்தது. போகப்போக அவர்கள் ஒரு புது முறைக்கு வந்தார்கள். "இத்தனை நிமிடம்" என்று மட்டும் முடிவு செய்துகொண்டு, இசையை ஒருவரும் நடனத்தை ஒருவரும் தனித்தனியே உருவாக்கினார்கள். பல நேரம் ஆடுபவர்களே அந்த இசையை முதன்முதலாக மேடையில்தான் கேட்டார்கள்! ராபர்ட் ராஷன்பெர்க் என்ற ஓவியரும் 1954 முதல் 1964 வரை அவர்களோடு இருந்தார். 1963-இல் வந்த 'ஸ்டோரி' என்ற நடனத்துக்கு, போன இடத்தில் கிடைத்த பொருள்களைக் கொண்டே ஒவ்வொரு முறையும் மேடையைப் புதிதாக அமைத்தார்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு மூவரும் மரத்தடியில் உட்கார்ந்தோம். முதலில் கடிகாரத்தை வைத்து அளந்தோம். படத்துக்குக் குறைந்தது 9 நிமிடம் வேண்டும். தொடர்ந்து 5 நிமிடத்துக்கு மேல் ஆடினால் தோழிக்கு மூச்சு வாங்கும். பாட்டு 4 நிமிடம். பேசிப் பேசி 7 நிமிடம் என்று முடிவு செய்தோம்.

ஓவியன் பனைமரங்களை விட்டுவிட்டான். தண்ணீர், கரை, கொக்கு, ஒரு மீன் மட்டும் போதும் என்றான். நான் பல்லவியை நான்கு முறை பாட ஒப்புக்கொண்டேன். தோழி நான்குக்கும் நான்கு அபிநயம் வைத்தாள். நடுவில் ஒரு நிமிடம் பாட்டும் இல்லை, ஆட்டமும் இல்லை. படம் மட்டும் வளரும். இவ்வளவுக்கும் இடம் வேண்டுமென்றால் ஒரு சரணத்தை எடுக்க வேண்டும். மூன்றாவது சரணம் போகட்டும் என்றார்கள். என் தாத்தா கண்மாயில் வலை வீசுவதைப் பற்றி எழுதிய சரணம் அது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஓவியன்தான் சொன்னான்: "விடு, உங்க தாத்தாவை நான் வரையுறேன். நாலு கோடு போதும்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒரு கலை விட்டதை இன்னொரு கலை சொல்லிவிடும். மூன்றும் ஒரே விஷயத்தைச் சொல்ல வேண்டியதில்லை. பாட்டிலும் மீன், ஆட்டத்திலும் மீன், படத்திலும் மீன் என்றால் பார்ப்பவருக்குச் சலிப்புத்தான் வரும்.

நீங்களும் இப்படி ஒரு நிகழ்ச்சி செய்வதாக இருந்தால்:

* முதல் நாளே எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள். ஒரு கலையை முடித்துவிட்டு மற்றவர்களைக் கூப்பிடாதீர்கள்.
* யாருக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.
* எதை யார் சொல்வது என்று பிரித்துக்கொள்ளுங்கள்.
* எப்போது முடிக்க வேண்டும் என்பதற்கு எல்லோருக்கும் தெரிந்த ஓர் அடையாளம் வையுங்கள்.

எங்கள் அடையாளம் மீனின் கண். அதை வைக்கும்வரை பாட்டு நிற்கக் கூடாது, ஆட்டமும் நிற்கக் கூடாது. விழா அன்று நீலச் சாயம் வழிந்து பாதிக் கரை நனைந்துபோனது உண்மைதான். கண்மாய் நிறைந்துவிட்டது என்று நீங்கள் நினைத்துக்கொண்டீர்களாம்! நல்லது. ஆனால் மீனுக்குக் கண் வந்தது. கரையின் ஓரத்தில் நான்கு கோட்டில் தாத்தா நின்றார். அடுத்த தடவை அந்தத் துணியைப் பார்க்கும்போது அவரைத் தேடிப் பாருங்கள்.



— 9-ஆம் வகுப்பு மாணவி