ஒரே ஹார்ட் டிஸ்க்கில் மூன்று லினக்ஸ்!

ஒரு கம்ப்யூட்டரில் ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம்தான் இருக்க வேண்டும் என்று பலரும் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். தமிழக அரசு 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் வழங்கத் தொடங்கியபோது, அதில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும். எங்கள் மாதனூர் பக்கம் அந்த இரண்டாவது வரியைத் தொட்டுப் பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்! பாஸ் என்பது சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது. முதல் பதிப்பு 2007-ல் வந்தது. தமிழில் மெனுக்கள் வேண்டும் என்பவர்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டிய ஒன்று.

இரண்டு இருக்கலாம் என்றால் நான்கும் இருக்கலாம். அதற்குத் தேவை, டிஸ்க்கைச் சரியாகப் பிரிப்பது. இதைத்தான் பார்ட்டிஷன் என்கிறோம். எங்கள் சித்தப்பா வீட்டு டெஸ்க்டாப்பில் சமீபத்தில் இதைச் செய்து கொடுத்தேன். அந்த டிஸ்க்கை வைத்தே விளக்குகிறேன்.

சித்தப்பா ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கு அப்பர் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் வைத்திருக்கிறார். யாருக்கு எத்தனை ஜோடி, எவ்வளவு கூலி என்ற கணக்கெல்லாம் டி டிரைவில். கம்ப்யூட்டரோ பழையது, விண்டோஸ் 11 ஏறாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. கணக்கு சாஃப்ட்வேருக்கு மட்டும் விண்டோஸ், இன்டர்நெட்டுக்கு லினக்ஸ் மின்ட், கல்லூரியில் படிக்கும் தங்கைக்குப் பழக உபுண்டு, தமிழுக்கு பாஸ் என்று முடிவு செய்தோம். சித்தப்பா கேட்டது ஒரே கேள்விதான். "ஏம்ப்பா, கணக்கு எதுவும் போயிடாதே?"

நியாயமான கேள்வி. பார்ட்டிஷன் வேலையில் ஆப்பரேட்டிங் சிஸ்டம் போனால் திரும்ப ஏற்றிக் கொள்ளலாம். மூன்று வருட கூலிக் கணக்கை எங்கே போய் ஏற்றுவது? எனவே முதலில் பேக்கப். டி டிரைவ் முழுவதையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு காப்பி, கணக்கு ஃபோல்டரை மட்டும் பென் டிரைவில் இன்னொரு காப்பி எடுத்தோம். காப்பி ஆகிவிட்டது என்று அது சொன்னால் போதாது. வேறொரு கம்ப்யூட்டரில் போட்டு, நாலைந்து பைல்களைத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப்.

அடுத்து பேப்பர், பென்சில். கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருந்தவர் என்பதால் இதை சித்தப்பாவுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. தோலில் எங்கே பழுது இருக்கிறது, எந்தத் துண்டு எங்கே வரும் என்று பார்த்துவிட்டுத்தானே வெட்டுவார்கள்! டிஸ்க்கும் அப்படித்தான்.

500 ஜிபி டிஸ்க் என்று வாங்கினால் விண்டோஸ் 465 ஜிபி என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். விண்டோஸ் 1024, 1024 ஆக எண்ணுகிறது.

பழைய கம்ப்யூட்டர்களில் டிஸ்க்கின் பட்டியல் எம்.பி.ஆர். முறையில் இருக்கும். இதில் நான்கு பிரைமரி பார்ட்டிஷன்களுக்கு மேல் போட முடியாது. சித்தப்பா டிஸ்க்கில் விண்டோஸின் சிஸ்டம் ரிசர்வ்ட், சி, டி என மூன்று ஏற்கெனவே இருந்தன. உங்களிடம் நான்கும் நிரம்பியிருந்தால், விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் ஐந்தாவது போடும்போது "டைனமிக் டிஸ்க்காக மாற்றவா?" என்று கேட்கும். ஓகே கொடுத்து விடாதீர்கள்! பிறகு லினக்ஸ் இன்ஸ்டாலர்களுக்கு அந்த டிஸ்க் பெரும் தலைவலி.

வழி இருக்கிறது. பிரைமரியில் ஒன்றை எக்ஸ்டெண்டட் ஆக்கினால், அதற்குள் பல லாஜிக்கல் பார்ட்டிஷன்களை வைக்கலாம். நாங்கள் டி-யை அழித்து அந்த இடத்தை எக்ஸ்டெண்டட் ஆக்கினோம். உள்ளே உபுண்டு 40, பாஸ் 30, மின்ட் 40, ஸ்வாப் 4 ஜிபி. மீதி சுமார் 200 ஜிபி பொது டேட்டாவுக்கு. லாஜிக்கல் எண்கள் எப்போதும் 5-ல் தொடங்கும் என்பதால், உபுண்டு எஸ்டிஏ5, டேட்டா எஸ்டிஏ9. பேப்பரில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள். இன்ஸ்டால் செய்யும்போது திரையில் எண் மட்டும்தான் தெரியும்.

புதிய கம்ப்யூட்டர்களில் ஜி.பி.டி. முறை. 128 பார்ட்டிஷன் வரை போகலாம். எக்ஸ்டெண்டட் விவகாரமே இல்லை. ஆனால் அங்கே பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கலாம். அதன் ரெகவரி கீயை எழுதி வைக்காமல் எதையும் தொடாதீர்கள்.

பிரிப்பதற்கு ஜிபார்ட்டட் நல்ல கருவி. லினக்ஸ் பென் டிரைவில் இருந்து பூட் செய்து இயக்குங்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம், நீங்கள் செய்வதெல்லாம் பட்டியலில்தான் சேரும். மேலே உள்ள டிக் மார்க்கை அழுத்தும் வரை டிஸ்க்கில் ஒன்றும் நடக்காது. அழுத்திய பிறகு கரண்ட் போனால் கதை வேறு. யு.பி.எஸ். இல்லையென்றால் கரண்ட் போய் வரும் நேரத்தில் இதை ஆரம்பிக்க வேண்டாம்.

சி டிரைவைச் சுருக்க வேண்டியிருந்தால் விண்டோஸில் உள்ள ஷ்ரிங்க் வால்யூமையே பயன்படுத்துங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் ஆஃப் செய்துவிடுங்கள். அது ஆன் ஆகியிருந்தால் விண்டோஸ் ஷட் டவுன் ஆனது போலத் தெரியுமே தவிர பாதி உறக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் பொது டேட்டாவை லினக்ஸில் திறந்தால் படிக்க முடியும், எழுத முடியாது.

பொது டேட்டாவை என்.டி.எஃப்.எஸ். ஆக பார்மட் செய்தோம். நான்கு சிஸ்டமும் அதைப் படிக்கும். விண்டோஸில் அதற்கு மறுபடி டி என்றே எழுத்து கொடுத்தால்தான் கணக்கு சாஃப்ட்வேர் தன் பழைய ஃபோல்டரைக் கண்டுபிடிக்கும். சிலர் மூன்று லினக்ஸுக்கும் ஒரே ஹோம் பார்ட்டிஷன் வைக்கச் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். ஒரே பயனர் பெயரில் நுழைந்தால், ஒரு லினக்ஸின் செட்டிங் பைல்களை இன்னொன்று மாற்றி எழுதும். டெஸ்க்டாப் கோணல்மாணலாக வரும்.

ஸ்வாப் ஒன்றையே மூன்றும் பகிரலாம். ஒரு லினக்ஸை ஹைபர்னேட்டில் விட்டு இன்னொன்றைத் திறக்கக் கூடாது, அவ்வளவுதான். ஒன்றை இன்ஸ்டால் செய்யும்போது ஸ்வாப் மறுபடி பார்மட் ஆனால் அதன் அடையாள எண்ணான யூயூஐடி மாறிவிடும். முன்பே போட்ட லினக்ஸ் பூட் ஆகும்போது பழைய ஸ்வாப்பைத் தேடி 90 விநாடி காத்து நிற்கும். கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று பயந்துவிடாதீர்கள்; எஃப்எஸ்டேப் பைலில் புதிய எண்ணைப் போட்டால் சரியாகிவிடும்.

எம்.பி.ஆர். டிஸ்க்கில் கடைசியாக ஏறும் லினக்ஸின் கிரப்தான் பூட் மெனுவைக் கையில் எடுக்கும். அதனால் உபுண்டு, பாஸ் இரண்டையும் முதலில் ஏற்றி, தினமும் பயன்படுத்தப் போகும் மின்ட்டைக் கடைசியாக வைத்தோம். இன்ஸ்டாலரில் "சம்திங் எல்ஸ்" அல்லது "மேனுவல்" என்பதைத் தேர்ந்தெடுத்து, அதற்குரிய எண்ணை மட்டும் ரூட் ஆகக் காட்டுங்கள். "டிஸ்க் முழுவதையும் அழி" என்ற வரிக்கு அருகில் கூட மவுஸைக் கொண்டு போக வேண்டாம். உபுண்டுவின் கிரப்பை முதன்மையாக வைக்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: 22.04 முதல் மற்ற சிஸ்டங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் அதில் ஆஃப் செய்யப்பட்டிருக்கும். கிரப் செட்டிங் பைலில் ஆன் செய்ய வேண்டும்.

உபுண்டுவிலோ பாஸிலோ புதிய கெர்னல் வந்தால், மின்ட்டில் டெர்மினலைத் திறந்து ஒருமுறை அப்டேட்-கிரப் கட்டளை கொடுங்கள். இல்லையென்றால் மெனுவில் பழைய கெர்னலே நிற்கும்.

ஒரு லினக்ஸ் பிடிக்கவில்லையா? பூட் மெனு அதனுடையதாக இல்லாத பட்சத்தில், ஜிபார்ட்டட்டில் அந்தப் பார்ட்டிஷனை பார்மட் செய்து வேறொன்றை ஏற்றுங்கள். அழிக்க வேண்டாம். நடுவில் உள்ள லாஜிக்கலை அழித்தால் அதற்குப் பின்னால் உள்ள எண்களெல்லாம் ஒன்று குறைந்துவிடும். நீங்கள் எழுதி வைத்த பேப்பர் பொய்யாகிவிடும். பாஸ் இருந்த எஸ்டிஏ6-ல் அடுத்த மாதம் டெபியனைப் போட்டுப் பார்க்கப் போவதாகத் தங்கை சொல்லியிருக்கிறாள். சித்தப்பா அந்தப் பென் டிரைவை மட்டும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.