உங்களுக்குத் தெரியுமா? பென்சிலில் பிறந்த 'ஷார்ப்'

டிவி, கால்குலேட்டர் என்று உலகம் அறிந்த ஜப்பானின் ஷார்ப் நிறுவனத்துக்கு அந்தப் பெயரைத் தந்தது ஒரு பென்சில்!

அதன் நிறுவனர் தொகுஜி ஹயகாவா 1912-ல் டோக்கியோவில் சின்ன உலோகப் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். துளையே போடாமல் இடுப்பு பெல்ட்டை இறுக்கும் பக்கிள்தான் அவருடைய முதல் கண்டுபிடிப்பு. 1915-ல் உலோக உடல் கொண்ட பென்சிலைச் செய்தார். சீவவே வேண்டாம், திருகினால் முனை வெளியே வரும். பின்னாளில் 'எவர்-ரெடி ஷார்ப்' என்ற பெயரில் அது அமோகமாக விற்றது.

1923 செப்டம்பர் 1. கான்டோ பெருநிலநடுக்கத்தில் தொழிற்சாலை எரிந்து சாம்பலானது. மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்தார் ஹயகாவா. கடனை அடைக்கப் பென்சில் காப்புரிமையையும் கைமாற்ற வேண்டியதாயிற்று. நிலநடுக்கத்தின்போது அவருக்கு வயது இருபத்தொன்பதுதான். எந்த மனிதரையும் முடக்கிப்போடும் இழப்பு அது.

அவர் ஒசாகாவுக்குப் போய் மறுபடி தொடங்கினார். வெளிநாட்டு ரேடியோ ஒன்றை வாங்கிப் பிரித்துப் பார்த்து, 1925-லேயே சொந்தமாகக் கிறிஸ்டல் ரேடியோ செய்துவிட்டார். ஜப்பானில் வானொலி ஒலிபரப்பு தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

1964-ல் ஷார்ப் வெளியிட்ட டிரான்சிஸ்டர் கால்குலேட்டரின் எடை 25 கிலோ! விலை 5,35,000 யென். அன்று ஒரு கார் வாங்கும் காசு. ஒன்பதே ஆண்டுகளில், 1973-ல், எல்சிடி திரையுடன் சட்டைப்பைக்குள் அடங்கும் கால்குலேட்டர் வந்துவிட்டது. ஒரே பேட்டரியில் 100 மணி நேரம் ஓடியது.

ஜப்பான் மாணவர்கள் மெக்கானிக்கல் பென்சிலை இன்றும் 'ஷாப்பென்' என்றே கேட்டு வாங்குகிறார்கள்.