லயத்துக் கோடியில் ஒரு அவரைப் பந்தல்

1924ஆம் ஆண்டு ரயில் பதுளை வரை வந்து சேர்ந்தது. மேலே ஏறி வந்தது அரிசி மூட்டை, கீழே இறங்கியது தேயிலைப் பெட்டி. அரிசியைத் தோட்ட நிர்வாகமே அளந்து கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொண்டது. கறிக்கான வழியைச் சனங்கள் லயத்துக் கோடியில் தாங்களே தேடிக்கொண்டார்கள்.

என் அம்மாயியின் மரக்கறித் தோட்டம் இரண்டு காம்பரா அகலம்கூட இருக்காது. அவரைக்கு ஒரு பந்தல். பூசணிக்கொடி தகரக் கூரைமேல் ஏறிவிடும். பீலித் தண்ணீர் வழிந்தோடும் கானோரம் சேம்பு. ஓட்டை விழுந்த மண்ணெண்ணெய் டின்களில் கொச்சிக்காய். ஊவாவில் ஆனி, ஆடியில் காற்று மண்ணை உலர்த்திவிடும். ஐப்பசி மழை இறங்கினால்தான் விதைப்பு. முதல் காய்ப்பில் நல்ல நெற்றைக் கொடியிலேயே முற்ற விட்டு, விதையில் சாம்பல் பூசி, அடுப்புக்கு மேலே பரணில் புகை படுகிற இடத்தில் கட்டி வைப்பார். புழு அண்டாது. விதைக்கென்று அவர் கடைக்குப் போய் நான் பார்த்ததில்லை.

சமையலும் அப்படித்தான். பூசணிக்காய் கறிக்கு, கொழுந்து சுண்டலுக்கு, பூ பருப்போடு. பலாவைப் பிஞ்சிலும் காயிலும் ஆக்குவார்; கொட்டையைச் சாம்பலில் சுட்டுத் தருவார். ஒரு தேங்காயில் பாதி சம்பலுக்கு. மறு பாதியைத் துருவிப் பால் பிழிந்து கறிக்கு ஊற்றுவார். பிழிந்த திப்பியைக் காலை ரொட்டிக்கு மாவோடு பிசைவார். அந்த ரொட்டியின் ஓரம் தீய்ந்து மொறுமொறுவென்றிருக்கும். எரிப்பதற்குக் கவ்வாத்து மலையில் பொறுக்கிய மிலார். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த கைதான் இத்தனையும் செய்தது. அப்பச்சி மம்பட்டி பிடித்தது மண்ணைக் கொத்துகிற அன்றைக்கு மட்டும்.

இதை நினைத்து ஏங்குவதோடு நிறுத்திவிட என்னால் முடியவில்லை. 1973, 74 பஞ்சத்தைக் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். கூப்பன் அரிசி குறைந்தது, மா கிடைக்கவில்லை, தோட்டத்தில் வேலை நாளும் சுருங்கியது. காட்டுக் கிழங்கையும் கீரையையும் அவித்துத் தின்று உயிர் பிழைத்தார்கள்; பிழைக்காமல் போனவர்களும் நிறையப் பேர். அதே வருடங்களில் இறக்குமதித் தடையால் வெலிமடைப் பக்கத்து உருளைக்கிழங்கு விவசாயிக்கு நல்ல விலை கிடைத்தது, ஏனென்றால் அவருக்குக் காணி இருந்தது. 1972லும் 1975லும் வந்த காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசிடம் போயின. தேயிலையை நட்டு வளர்த்தவர்களுக்கு லயத்துக் கோடிகூடச் சொந்தமாகவில்லை.

இன்று பந்தல்கள் குறைந்துவிட்டன. சோம்பல் என்று பெரியவர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. பிள்ளைகள் கொழும்பில் கடையிலும் கார்மெண்டிலும் நிற்கிறார்கள். வீட்டில் தங்கும் கைகள் குறைவு. பைக்கற்றில் வாங்கும் கலப்பின விதை நன்றாகவே காய்க்கிறது, ஆனால் அதிலிருந்து எடுத்த விதையை மறுபோகம் நம்ப முடியாது. மாடு வளர்ப்பவர்கள் அருகி எருவும் விலைக்கு வந்துவிட்டது. ஏழு பேர்ச் காணியில் தனிவீடு கிடைத்தவர்கள் பாக்கியவான்கள்; வீடும் கக்கூஸும் போக மிஞ்சும் இடத்தில் நாலு கத்தரி வைக்கலாம். வைத்ததை இரவில் பன்றி உழுதுவிடுகிறது, பகலில் குரங்கு பிய்த்தெறிகிறது. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை ஐந்து நிமிடம் நாடு முழுக்கக் குரங்கையும் மயிலையும் எண்ணச் சொன்னது அரசாங்கம். தொல்லை அந்த அளவுக்குப் போயிருக்கிறது.

2022இல் பழைய கைப்பழக்கம் திரும்பி வந்தது. செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்தில் ரொட்டி மாவே எட்டாப் பொருளானது. மரவள்ளியும் வத்தாளையும் மறுபடி கோடிக்கு வந்தன, பலாமரத்தடியில் சண்டைகூட நடந்தது. அந்த ஜூனில் அரச ஊழியர்களுக்கு, வீட்டுத் தோட்டம் செய்யட்டும் என்று, வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தார்கள். கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு அப்படியொரு வெள்ளிக்கிழமை வரவில்லை. பயிர் செய்யத் தெரிந்தவளுக்குத்தான் நேரமும் இல்லை, நிலமும் இல்லை.

1992இல் தோட்டங்களைக் கம்பனிகள் பொறுப்பேற்ற பின் கைவிடப்பட்ட மலைகள் ஊவாவில் எத்தனையோ. தேயிலை மரமாகி, மானா மூடி, பன்றிக்குப் புகலிடமாகக் கிடக்கின்றன. யாராவது வெட்டித் துப்புரவாக்கிப் போஞ்சி போட்டாலும், பிடுங்கு என்று சொல்லும் அதிகாரம் நிர்வாகத்திடமே இருக்கிறது. அந்த நிலத்தில் குடும்பத்துக்கு இருபது பேர்ச்சாவது, பெண்ணின் பெயரையும் சேர்த்து, உறுதி எழுதிக் கொடுக்க வேண்டும். விதை சேர்க்கத் தெரிந்த அம்மாயிமார் இன்னும் சில பேர் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கொடுக்க வேண்டும்.