டெல்டாவுக்கு கேமராவோடு ஒரு தனி ட்ரிப்: எப்போது போகலாம், எங்கே இறங்கக் கூடாது?

ரீல்ஸில் பார்த்த பச்சைக் கம்பளத்தை நம்பி மே மாதம் தஞ்சாவூருக்கு டிக்கெட் போட்டால் என்ன ஆகும்? ரயில் ஜன்னலில் தெரிவது வெயிலில் வெடித்துக் கிடக்கும் தரையும், பம்புசெட் இருக்கிற இடத்தில் மட்டும் கொஞ்சம் பச்சையும்தான். டெல்டாவின் நிறத்தை முடிவு செய்வது சேலம் மாவட்டத்தில் இருக்கும் மேட்டூர் அணை.

வழக்கமாக ஜூன் 12-ல் அணை திறக்கப்படும். தண்ணீர் சில நாட்களில் கல்லணைக்கு வந்து, அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து வயலுக்குப் போகும். அதை நம்பித்தான் குறுவை. ஆனால் இது ஒவ்வொரு ஆண்டும் நடக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2024-ல் அணையில் போதிய நீர் இல்லாததால் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். ஆகவே ஓட்டல் புக் பண்ணுவதற்கு முன் மேட்டூர் நீர்மட்டச் செய்தியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சம்பா நடவு ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை போகும். நவம்பரில் வயல் செழிப்பாக இருக்கும். கூடவே வடகிழக்குப் பருவமழையும் இருக்கும். எங்கள் சிபாரிசு, டிசம்பர் கடைசி வாரத்திலிருந்து பொங்கல் வரை. மழை குறைந்திருக்கும், காலையில் மார்கழிப் பனி, ஒரு வயல் பச்சை என்றால் பக்கத்து வயல் பொன்நிறம்.

எப்படிப் போவது?

பேக்கேஜ் வேன் வேண்டாம். ஒரே நாளில் ஒன்பது கோயில் என்று ஓட்டினால் போட்டோ எடுக்க நேரம் இருக்காது, டீ குடிக்கக்கூட இருக்காது. சென்னை எழும்பூரிலிருந்து இரவில் உழவன் எக்ஸ்பிரஸ், பகலில் சோழன் எக்ஸ்பிரஸ் இருக்கின்றன. ஜன்னல் சீட் கிடைத்தால் சோழனே பாதி சுற்றுலா. மயிலாடுதுறை தாண்டியதும் இரு பக்கமும் வயல்தான். விமானம் என்றால் திருச்சியில் இறங்கி பஸ் பிடிக்கலாம்.

கும்பகோணத்தில் இரண்டு இரவு, தஞ்சாவூரில் ஒரு இரவு தங்கினால் வசதி. இரண்டுக்கும் நடுவே சுமார் 40 கி.மீ., பஸ்ஸும் ரயிலும் உண்டு. தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்கு டவுன் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். 13 கி.மீ. தூரத்துக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைக் கடந்துவிடுவீர்கள். இவ்வளவு மலிவான ஆற்றுச் சுற்றுலா வேறு எங்கும் கிடைக்காது.

பெரிய கோயில் கிழக்கு பார்த்தது. நந்தி பக்கம் நின்று விமானத்தை எடுக்க வேண்டுமானால் காலையில் போங்கள், வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். சாயங்காலம் அதே இடத்தில் கோபுரம் கறுப்பாகத்தான் விழும். அப்போது மேற்குப் பிராகாரத்துக்குப் போய்விட வேண்டும். 216 அடி விமானம் போன் பிரேமுக்குள் அடங்காமல் படுத்தும். இரண்டாவது வாசலான இராஜராஜன் திருவாயிலுக்குள் நின்று, அந்த வாசலையே பிரேமாக வைத்து எடுத்தால் பிரச்சினை தீரும். (விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். விழுகிறது, போட்டோவிலும் தெரிகிறது.) மதியம் கல்தரை காலைச் சுட்டுவிடும், சன்னதியும் நடை சாத்தியிருக்கும்.

கூட்டம் பிடிக்காதவர்களுக்கு தாராசுரம். கும்பகோணத்திலிருந்து ஆட்டோ தூரம்தான். இரண்டாம் இராஜராஜன் கட்டிய இந்தக் கோயிலின் தேர் வடிவ மண்டபமும், அதை இழுக்கும் குதிரையும், விரல் அளவுச் சிற்பங்களும் அரை நாளை விழுங்கிவிடும். கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அணைக்கரை வழியாகக் கொள்ளிடத்தைக் கடந்து போக வேண்டும். மூன்றும் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளவை: தஞ்சை 1987-ல், மற்ற இரண்டும் 2004-ல்.

டிரோன் பறக்கவிடலாமா?

கோயிலுக்கு மேல் கூடாது. தொல்லியல் துறை அனுமதி இல்லாமல் டிரைபாடுகூட விரிக்க முடியாது. கருவறையில் போனையே எடுக்கக் கூடாது. தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருப்பதையும் மறக்க வேண்டாம். டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வரைபடத்தில் சிவப்பு மண்டலமாகக் காட்டும் இடத்தில் மத்திய அரசின் அனுமதி வேண்டும். 250 கிராமுக்குக் குறைந்த நானோ டிரோனுக்கு பைலட் சான்றிதழ் தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் அதை வைத்து எங்கே வேண்டுமானாலும் பறக்கவிடலாம் என்று அர்த்தமில்லை.

வயலுக்குள் இறங்கலாமா?

இங்கேதான் சிக்கல். கோயிலுக்கு வாட்ச்மேன் உண்டு, வயலுக்குக் கிடையாது. வரப்பு நடைபாதை மாதிரி தெரியும். ஆனால் அண்டை வெட்டி, சேறு பூசி, தண்ணீர் தேங்குவதற்காகப் போட்டது அது. ஈரத்தில் நாலு பேர் நடந்தால் சரிந்து, கட்டிய தண்ணீர் பக்கத்து வயலுக்கு ஓடிவிடும். நாற்றங்காலில் ஒரு கால் வைத்தால் அந்த இடத்து நாற்று போச்சு.

ஜப்பானில் இது எங்கே கொண்டுபோய் விட்டது என்று பாருங்கள். ஹொக்கைடோவின் பியெய் ஊரில் வயல் நடுவே சாய்ந்து நின்ற ஒற்றைப் பாப்லர் மரம் போட்டோக்காரர்களிடம் ரொம்பப் பிரபலம். பயிரை மிதித்துக்கொண்டு போகிறவர்களைத் தடுத்துப் பார்த்து முடியாமல், 2016 பிப்ரவரியில் நிலத்துக்காரரே மரத்தை வெட்டிவிட்டார். மாறாக, அதே நாட்டின் இனகதாதே கிராமம் 1993 முதல் பல நிற நெற்பயிரால் வயலில் ஓவியம் வளர்க்கிறது. மேலே பார்வைத் தளம், அதற்குக் கட்டணம். யாரும் வயலில் இறங்குவதில்லை. டெல்டாவில் அப்படி ஒரு தளம் வரும் வரை ரோட்டோரம், பாலம், வாய்க்கால் கரை ஆகியவையே போதும். படமும் அங்கிருந்துதான் நன்றாக வரும்.

நடவு நடும் பெண்களை ஜூம் பண்ணித் திருட்டுத்தனமாக எடுக்காதீர்கள். "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள், வேண்டாம் என்றால் நகர்ந்துவிடுங்கள். கொள்முதல் நிலைய வாசலில் தார்ப்பாய் மூடிய நெல் குவியல் படத்துக்கு அழகாக இருக்கும். ஆனால் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்களே என்ற கவலையில் அதன் பக்கத்திலேயே காத்திருப்பவருக்கு அது அழகு இல்லை. அறுவடை நேரத்தில் ரோட்டில் பாதியில் நெல் காயும். பைக்கில் போனால் அதன் மேல் ஏற்றாமல் வேகத்தைக் குறைத்து ஒதுங்கிப் போங்கள். நெல்லில் டயர் வழுக்கும்.