ஆளைப் பார்த்து வருவதில்லை எச்.ஐ.வி.



எச்.ஐ.வி. பரவும் நான்கு வழிகளை எந்த உறுப்பினரைக் கேட்டாலும் விரல்விட்டுச் சொல்லிவிடுவார். பாதுகாப்பற்ற உடலுறவு, சோதிக்கப்படாத இரத்தம், ஒருவருக்குப் போட்ட ஊசி, தாயிடமிருந்து குழந்தைக்கு. ஆனால் ஆணும் ஆணும் உறவு கொள்ளும்போது இந்தக் கிருமி பரவுவதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. "சீ, அதெல்லாம் நம்ம ஊர்ல எங்கே இருக்கு?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். எல்லா ஊரிலும் இருக்கிறது. நாம் பேசாததால் நோய்தான் வளர்கிறது.

ஏன் தனியாகப் பேச வேண்டும்?

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான். 1986-இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் எடுத்த முயற்சியில், பாலியல் தொழில் செய்த பெண்களிடம் இக்கிருமி இருப்பது தெரியவந்தது. பிறகு வந்த விளம்பரங்கள் பெரும்பாலும் பெண்களிடம் போகும் ஆண்களைப் பற்றியே பேசின. 2000-களில் ஊரெங்கும் சுவரில் பார்த்த 'புள்ளி ராஜா' பலருக்கு நினைவிருக்கும்.

அந்த விளம்பரங்களால் நன்மை நடந்தது. ஆனால் ஆணோடு உறவு வைத்திருந்த சில ஆண்கள், "பொம்பளைகிட்ட போனாத்தானே வரும், நமக்கென்ன?" என்று இருந்துவிட்டார்கள். இது பெரிய ஆபத்து.

உடலில் என்ன நடக்கிறது?

கூச்சப்படாமல் படியுங்கள். ஆசனவாயின் உள்தோல் மிகவும் மெல்லியது. தானாக ஈரம் சுரக்காது. உறவின்போது கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்புகள் உண்டாகும். அதன் வழியாகக் கிருமி எளிதில் இரத்தத்தில் கலக்கும்.

சிகிச்சை எடுக்காத ஒருவருடன் ஆணுறை இல்லாமல் 10,000 முறை உறவு நடந்தால், பெண்ணுறுப்பு வழியாகப் பெண்ணுக்குத் தொற்றுவது ஏறத்தாழ 8 முறை. ஆசனவாய் வழியாக ஏற்பவருக்குத் தொற்றுவது ஏறத்தாழ 138 முறை. சில முறைதானே என்று அலட்சியம் வேண்டாம். முதல் முறையிலேயே தொற்றியவர்களும் உண்டு.

இந்தக் கணக்கு ஆணுக்கு மட்டும் அல்ல. கணவன் மனைவியிடம் இப்படி உறவு கொண்டாலும் இதே ஆபத்துதான். செய்யும் முறையில்தான் ஆபத்து இருக்கிறதே தவிர, ஆளின் குணத்திலோ பிறப்பிலோ இல்லை.

2017-இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் எடுத்த கணக்குப்படி, பொதுமக்களில் 1,000 பேருக்கு 2 பேரிடம் எச்.ஐ.வி. இருந்தது. ஆணோடு உறவு கொள்ளும் ஆண்களில் 1,000 பேருக்கு ஏறத்தாழ 27 பேரிடம் இருந்தது. இது அதிகம்தான். ஆனால் மீதி 973 பேரிடம் கிருமி இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். "இவன் அந்த மாதிரி, இவனுக்கு எய்ட்ஸ் இருக்கும்" என்று பேசுவது பொய், பாவம்.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் உண்டு. "கல்யாணம் பண்ணி வெச்சா எல்லாம் சரியாயிடும்" என்று கட்டாயப்படுத்தி மணம் முடிக்கும் குடும்பங்கள் எத்தனை! கல்யாணத்தால் ஒருவருடைய ஈர்ப்பு மாறாது. இது நோயும் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே நோய்ப் பட்டியலிலிருந்து இதை நீக்கிவிட்டது. வயது வந்த இருவர் சம்மதத்தோடு கொள்ளும் உறவு குற்றம் அல்ல என்று 2018-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

கட்டாயக் கல்யாணத்தில் இரண்டு பேர் வாழ்க்கை வீணாகிறது. அவர் பயந்து மறைப்பார். மறைப்பவர் பரிசோதனைக்குப் போக மாட்டார். கடைசியில் மனைவி கர்ப்பமாகி, ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுக்கும்போது விஷயம் தெரியவரும். முதலில் தெரிந்தது அவளுக்கு என்பதால், "நீதான் கொண்டு வந்தே" என்று பழியும் அவள் தலையில்தான் விழும். ஊர் ஏசுவதை நிறுத்தினால் அந்த மனிதருக்கும் நல்லது, நம் பெண்களுக்கும் நல்லது.

தெரிந்துகொள்ள வேண்டியவை

1. ஆணுறை எந்த வகை உறவிலும் அவசியம். தேங்காய் எண்ணெய், வாசலின் தடவினால் ஆணுறை கிழியும். தண்ணீரில் கரையும் ஜெல் மட்டுமே தடவ வேண்டும்.

2. அரசு ஆஸ்பத்திரியில் உள்ள நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம். சந்தேகம் இருந்தால் மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும். மேகப்புண் போன்ற பால்வினை நோய் இருந்தால் எச்.ஐ.வி. எளிதில் தொற்றும். அதற்கும் சிகிச்சை உண்டு.

3. கூட்டு மருந்து 2004 முதல் அரசு மையங்களில் இலவசமாகத் தரப்படுகிறது. 2017 முதல், கிருமி இருப்பது தெரிந்த உடனே மருந்து தொடங்குகிறார்கள். தினமும் தவறாமல் சாப்பிட்டு, பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் கிருமி குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் அடுத்தவருக்குப் பரவாது. மருந்தை நிறுத்தினால் மறுபடியும் பெருகும்.

4. 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது. ஒருவருக்கு இருப்பதை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது. பாகுபாடு காட்டி வேலையிலிருந்து நீக்குவதும் வாடகை வீடு மறுப்பதும் கூடாது.

5. பெயர் சொல்லாமல் விவரம் கேட்க 1097-க்குப் போன் செய்யலாம். கட்டணம் இல்லை.

குழுவில் என்ன செய்யலாம்?

அடுத்த கூட்டத்தில் ஊக்குநர் இதைச் சத்தமாக வாசிக்கட்டும். சிரிப்பு வந்தால் சிரித்துவிட்டு மேலே படியுங்கள். யாருடைய பெயரையும் எடுக்காதீர்கள். உங்கள் மகனோ தம்பியோ தயங்கித் தயங்கி ஏதாவது சொல்ல வந்தால், "சொல்லுப்பா, நான் இருக்கேன்" என்று கேளுங்கள். பரிசோதனைக்குத் துணைக்குப் போங்கள். அடித்தும் அழுதும் துரத்திவிட்டால், அவன் மருந்து கிடைக்கும் இடத்தை விட்டும் ஓடிப்போவான்.